ஆமை புகுந்த இயந்திரம்: ஒசூர் எல்லையில் மந்தத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஒசூர் சிப்காட்டில் உதிரிபாகங்கள் அடித்துத் தரும் ஒரு சிறு தொழிற்கூடத்தில், மிஷின் நின்றுபோனால் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், இடைப்பட்ட நிமிடங்கள், காரணம். காரணத்துக்குக் கீழே மூன்று கட்டங்கள்: ஆள், மிஷின், மெட்டீரியல். மூன்றில் ஒன்றில் டிக் விழுந்தாக வேண்டும். நான்காவது கட்டம் கிடையாது.

அங்கே பராமரிப்பில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் என் நண்பர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். ஒரு ராத்திரி ஷிஃப்டில் நின்றுபோன பிரஸ்ஸை அவர்தான் ஓடவைத்தார். பழுது சின்னது, ஒரு சென்சார் ஒயர் அறுந்திருந்தது. ஆனால் எந்தச் சென்சார் என்று தெரிய, பிரஸ்ஸை ஆட்டுவிக்கும் பிஎல்சிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு லேப்டாப்பைத் திறக்க வேண்டும். லேப்டாப்புக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும். ஒயரை முறுக்கிச் சேர்க்க ஆனது ஐந்து நிமிடம் இருக்கலாம். அந்த உள்கம்ப்யூட்டர் கண்விழித்து, மென்பொருள் திறந்து, பிஎல்சியோடு பேசத் தொடங்குவதற்குள் ஒரு ஷிஃப்டின் டீ நேரமே போய்விட்டது. காலையில் தாளைப் பார்த்தால் 'ஆள்' என்ற கட்டத்தில் டிக்.

"நான் எங்கண்ணா லேட் பண்ணேன்? அது சுத்திக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அவ்ளோதான்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த டிக்கைப் பற்றியது. மெய்நிகர் இயந்திரம் (தொழிற்கூடத்தில் 'விஎம்' என்று சொல்கிறார்கள்) ஏன் மந்தமாக ஓடுகிறது என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ராமைப் பாருங்கள், பயாஸைப் பாருங்கள், ஆன்டிவைரஸைப் பாருங்கள். பட்டியல் தப்பில்லை. ஆனால் 'மந்தம்' என்பதை ஒரு பொருளின் குணமாக, மனிதருக்குச் சோம்பல்போல இயந்திரத்துக்கு வாய்த்த ஒன்றாக, பாவிக்கிற மொழிக்குள்ளிருந்தே அந்தப் பட்டியல் பேசுகிறது. மந்தம் குணமல்ல. அது ஒரு இடத்தில் நிகழ்கிறது. அந்த இடத்துக்கு வரலாறு இருக்கிறது. இடத்தைக் காட்டிவிட்டால் டிக் விழுந்த கட்டம் தப்பு என்பதும் தெரிந்துவிடும்.

*

முதலில், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் எதற்கு? வேறு வேலையில்லையா என்று வாசகர் கேட்கலாம்.

தொழிற்சாலை மிஷினின் ஆயுள் வேறு, மென்பொருளின் ஆயுள் வேறு. 1969இல் மோடிகான் 084 என்ற கருவியோடு பிஎல்சி என்கிற வகை தொழிற்சாலைக்குள் வந்தது. கார்த் தொழிற்சாலைகளில் அலமாரி அலமாரியாக இருந்த ரிலேக்களின் வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. நல்ல பிரஸ் இருபத்தைந்து முப்பது வருஷம் ஓடும். அதோடு அதன் பிஎல்சியும் ஓடும். ஆனால் அந்த பிஎல்சிக்குள் எழுதவும் வாசிக்கவும் வேண்டிய மென்பொருள் குறிப்பிட்ட ஒரு இயங்குதளத்தில்தான் ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. பிரஸ்ஸுக்கு அந்தத் தேதி தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய லேப்டாப்பில் எக்ஸ்பியை நேரடியாக ஏற்ற வழியில்லாதபோது, லேப்டாப்புக்குள் ஒரு பொய் லேப்டாப்பை உண்டாக்கி அதில் எக்ஸ்பியை ஏற்றுகிறார்கள். மைக்ரோசாஃப்டே 2009இல் விண்டோஸ் 7உடன் 'எக்ஸ்பி மோட்' என்று இப்படி ஒன்றைத் தந்தது. செத்த இயங்குதளத்தை உயிரோடிருப்பதன் வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வது பற்றி மார்க்ஸ் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்வது தவிர்க்கமுடியாததாகிறது. ஆனால் இங்கு இறந்த உழைப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது என்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒசூரில் இது ஏன் கூடுதலாகக் கண்ணில் படுகிறது? 1971இல் சிப்காட் அமைக்கப்பட்டது. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது; அதே வருஷம் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. 1984இல் டிட்கோவின் கூட்டில் டைட்டன் நிறுவனம் உருவாகி, சில வருஷங்களில் ஒசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பெரிய ஆலைகளைச் சுற்றி ஆணி, வாஷர், பிராக்கெட் அடிக்கும் சிறு கூடங்கள் முளைத்தன. பெரிய ஆலை தன் மிஷினைப் புதுப்பிக்கிறது. சிறு கூடம் வேறெங்கோ ஓய்ந்த மிஷினை வாங்கி ஓட்டுகிறது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை வந்தது. ஒசூருக்கு அருகில் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது. ஆக ஒரே நெடுஞ்சாலையின் இரு பக்கமும் முப்பது வருஷ இடைவெளியுள்ள இரண்டு காலங்கள் நிற்கின்றன. சிறு கூடத்து லேப்டாப்பில் அவ்விரண்டும் ஒரே உடம்புக்குள் குடியிருக்கின்றன.

எல்லை இந்த ஊருக்குப் புதிதுமல்ல. பாராமகால் 1792இல் கம்பெனியார் கைக்குப் போனது. ஒசூர் உள்ளிட்ட மேட்டுநிலம் 1799இல், திப்பு விழுந்த பிறகு. பின்னர் சேலம் மாவட்டத்தில், 1965 முதல் தருமபுரியில், இப்போது கிருஷ்ணகிரியில். ஒருத்தர் மேல் ஒருத்தராக அதிகாரங்கள் ஏறி உட்கார்ந்த இடம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியவரும்.

*

பழையதைப் புதியதற்குள் ஓட்டுவது கணினித் துறையின் பிற்சேர்க்கையல்ல. கிட்டத்தட்ட அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே இருந்த 1401 கணினியின் நிரல்களைப் புதியதில் ஓட்ட 'எமுலேட்டர்' என்ற ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தது. இந்தியாவுக்கு வேறு நியாயம். இங்கே அந்தப் பழைய 1401ஐயே செப்பனிட்டு வாடகைக்கு விட்டார்கள். அங்கே பழையது புதியதற்குள் நிழலாக ஓடியது. இங்கே பழையதே உடம்போடு வந்திறங்கியது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது தனிக்கதை.

மெய்நிகர் இயந்திரம் என்பது சரியான பொருளில் பிறந்தது ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில். ராபர்ட் கிரீஸியும் சகாக்களும் உருவாக்கிய சிபி-40 என்ற அமைப்பு 1967 தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. ஒரே கணினியை 14 பேருக்கு 14 தனிக்கணினிகளாகக் காட்டியது அது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். அதற்கு முன் நிரலாளர் துளையட்டைக் கட்டைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பை ஒழிக்க வந்த தொழில்நுட்பம் இது என்பதை அடிக்கோடிட வேண்டும். காத்திருப்பு ஒழிந்ததா? கவுன்ட்டருக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்த வரிசை இயந்திரத்துக்கு உள்ளே போய்விட்டது. வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போனதும், தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்பதும் தெரியாமல் போயிற்று.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியை அக்காலத்தில் 'சூப்பர்வைசர்' என்றார்கள். பல சூப்பர்வைசர்களை ஒரே உடம்பில் ஓட்ட அவர்களுக்கும் மேலே ஒன்று தேவைப்பட்டது. அதற்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர் வைத்தார்கள். மேற்பார்வையாளருக்கும் மேற்பார்வையாளர். தொழிற்சாலையின் சொல்லாடல் கணினிக்குள் தற்செயலாக நுழைந்துவிட்டது என்று நான் நம்பத் தயாரில்லை.

1974இல் ஜெரால்ட் பொபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் எழுதிய கட்டுரை இதற்கு இலக்கணம் வகுத்தது. மூன்று நிபந்தனைகள். உள்ளே ஓடும் நிரலுக்கு, தான் நிஜ இயந்திரத்தில் ஓடுவதாகவே தோன்ற வேண்டும். எல்லா வளமும் கண்காணிப்பாளரின் பிடியில் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் நமக்கு முக்கியம்: கட்டளைகளில் பெரும்பான்மை, கண்காணிப்பாளரின் தலையீடு இல்லாமல், நேராக வன்பொருளில் நடந்தேற வேண்டும். அதாவது வேகம் என்பது ப்ராஸஸரின் திறன் அல்ல, அதிகாரம் குறுக்கே வராமலிருக்கும் நேரம். இரண்டாவது நிபந்தனையும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைக் கவனிக்கலாம். முழுப்பிடி வேண்டும், ஆனால் தலையிடவும் கூடாது. எந்த நிர்வாகத்தின் கனவு இது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

ஒசூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஜூஜுவாடி போதும். கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். லாரி அந்தத் தூரத்தை ஓட்டிவிடும். ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும் வரை, எல்லையில் ஜூஜுவாடி, அத்திப்பள்ளி என்று இரண்டு பக்கமும் நின்று காகிதம் காட்ட வேண்டும். பெங்களூர் எத்தனை கிலோமீட்டர் என்று டிரைவர் கணக்குப் போடமாட்டார். சாவடியில் எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. லாரி ஸ்லோவா? லாரி ஸ்லோ இல்லை. லாரிக்குப் பெரிய எஞ்சின் போட்டால் சாவடி சீக்கிரம் விடுமா? விடாது.

விஎம்முக்குள் ஓடும் எக்ஸ்பி, கூட்டல் கழித்தல் செய்யும்வரை நேராக ப்ராஸஸரில் ஓடுகிறது. அங்கே மந்தமே கிடையாது. டிஸ்க்கைத் தொட, நெட்வொர்க்கில் பேச, கடிகாரத்தைத் திருத்த என்று அதிகாரம் தேவைப்படும் ஒரு காரியத்தைச் செய்யப் போனதும் சாவடி. விருந்தாளியின் நிலைமை முழுவதும் எழுதிவைக்கப்படுகிறது. ஹைப்பர்வைசர் வந்து பார்க்கிறது. அனுமதிக்கிறது அல்லது தானே செய்து கொடுக்கிறது. மறுபடி விருந்தாளியின் நிலைமையை ஏற்றி வெளியே விடுகிறது. தொடக்ககாலச் சில்லுகளில் இப்படி ஒருமுறை போய்வர ஆயிரக்கணக்கான சுழற்சிகள் ஆயின. மந்தம் நிகழும் இடம் இதுதான். கடப்புகளின் எண்ணிக்கையே மந்தம்.

('விருந்தாளி', 'வீட்டுக்காரர்' என்ற சொற்களைப் பொறியாளர்கள் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். ஒசூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் எவரும் இந்த உறவை விருந்து என்று சொல்லமாட்டார். மோட்டார் போடுவதற்கும் கேட்டைத் திறப்பதற்கும் மேல்மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டிய குடித்தனம் அது.)

நம் லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சில்லின் கதை இன்னும் விசித்திரமானது. பொபெக், கோல்ட்பெர்க் இலக்கணப்படி அதில் மெய்நிகர் இயந்திரமே ஓட்டமுடியாது. அதிகாரமில்லாதவர் அதிகாரமுள்ள கட்டளையைச் செய்ய முயன்றால் சில்லு அலற வேண்டும். அலறினால்தான் கண்காணிப்பாளர் ஓடி வருவார். எக்ஸ்86இல் சில கட்டளைகள் அலறுவதில்லை. 2000இல் ராபின், இர்வைன் இருவரும் பென்டியம் சில்லில் இப்படிப் பதினேழு கட்டளைகளை அடையாளம் காட்டினார்கள். 'பாப்எஃப்' என்ற கட்டளை அதில் ஒன்று. குறுக்கீடுகளை நிறுத்தவோ திறக்கவோ விருந்தாளி அதைப் பயன்படுத்தினால், சில்லு அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மறுப்பும் இல்லை, நிறைவேற்றமும் இல்லை. மனு வாங்கிக்கொண்டு முத்திரை போடாமல் வைத்துக்கொள்ளும் அலுவலகம்போல.

ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்பிளம் குழுவினர் 1997இல் வேறொரு சில்லில் செய்துபார்த்துவிட்டு, 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999இல் முதல் மென்பொருள் வந்தது. அவர்களுடைய உபாயம் மொழிபெயர்ப்பு. மையத்தின் கட்டளைகளை ஓடும்போதே வாசித்து, ஆபத்தான கட்டளை வந்தால் வேறொன்றாக மாற்றி எழுதிவிடுவது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் சில்லுக்குள்ளேயே இதற்கென வன்பொருள் வசதி வைத்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2006இல் விஎம்வேரின் ஆடம்ஸ், அகஸன் இருவரும் அளந்து பார்த்து, பல வேலைகளில் பழைய மொழிபெயர்ப்பே வன்பொருளைவிட வேகம் என்று காட்டினார்கள். காரணம் அதே சாவடி. புதிய வன்பொருள் கடப்பை ஒழுங்குபடுத்தியதே தவிரக் குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கடக்காமலேயே காரியத்தை முடித்திருந்தார். 2007, 2008இல் நினைவக அட்டவணைகளையும் சில்லே பார்த்துக்கொள்ளும்படி செய்த பிறகுதான் கடப்புகள் பெருமளவு குறைந்தன. இவ்வசதியைப் பல லேப்டாப்களில் பயாஸில் மூடிவைத்தே விற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன்னிடம் அது இருப்பதே தெரியாது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகலூர் சாலைப் பக்கம் நண்பரின் வீட்டில் அந்த லேப்டாப்பைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எட்டு ஜிபி ராம். சுழலும் ஹார்டு டிஸ்க். நண்பருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் எக்ஸ்பிக்கு மூன்றரை ஜிபி ராமும் நான்கு ப்ராஸஸரும் எழுதிவைத்திருந்தார். பக்கத்திலேயே இன்னொரு மிஷினுக்காக விண்டோஸ் 7 ஒன்று. அதற்கு இரண்டு ஜிபி. இரண்டையும் திறந்துவைப்பதுதான் வழக்கம்.

"ஸ்லோவா இருக்குதுன்னு அவுரு ஏத்திக்கிட்டே போயிருக்காருண்ணா. நானும் இன்னும் அரை ஜிபி ஏத்தலாம்னுதான் இருந்தேன்."

இங்கே பீட்டர் டென்னிங் வருகிறார். 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி, டிரம்மையும் நினைவகத்தையும் ஒன்றாகப் பாவிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, அறுபதுகளில் பல கணினிகள் திடீரென்று சரிந்து விழுந்தன. நிரல்களைக் கூட்டக்கூட வேலை ஏறும். ஒரு புள்ளிக்குப் பிறகு படுவேகமாக இறங்கிவிடும். கணினி முழுநேரமும் உழைக்கும். ஒரு வேலையும் நடக்காது. 1968இல் டென்னிங் இதன் காரணத்தைக் காட்டினார். ஒவ்வொரு நிரலுக்கும் எந்த நேரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டிய பக்கங்கள் சில உண்டு. எல்லா நிரல்களின் அந்தத் தேவையும் சேர்ந்து நினைவகத்தைத் தாண்டினால், ஒருவர் தன் பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொருவரின் பக்கத்தை வெளியே தள்ளுகிறார். அடுத்த கணமே அவர் திருப்பித் தள்ளுகிறார். மணி உதிர்ந்துபோன ராகிக் கதிரையே களத்தில் மறுபடி மறுபடி அடிப்பது மாதிரி.

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்பிக்கு மூன்றரை, ஏழுக்கு இரண்டு போனால் வீட்டுக்காரருக்கு இரண்டரை. அதிலேயே புதிய விண்டோஸ், ஆன்டிவைரஸ், கம்பெனி மெயில். மிஞ்சியது எல்லாம் டிஸ்க்குக்கு. டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்டு. ராமில் தேடுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு யுகம். எக்ஸ்பிக்கு அள்ளிக் கொடுத்ததால்தான் எக்ஸ்பி மந்தமானது. வீட்டுக்காரரைப் பட்டினி போட்டால் குடித்தனக்காரருக்குத் தண்ணீர் வராது. எக்ஸ்பியை ஒரு ஜிபிக்கு இறக்கினோம். நான்கு ப்ராஸஸரை ஒன்றாக்கினோம். ஏழைத் தேவைப்படும்போது மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். குறைத்ததும் வேகம் கூடியது. நண்பர் சிரித்துவிட்டார். "சொன்னா யாருண்ணா நம்புவாங்க?"

அடுத்தது ஸ்னாப்ஷாட். விஎம்மின் ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் வசதி. பிடித்த கணத்திலிருந்து நடக்கும் மாற்றங்கள் தனிக் கோப்பில் போய்ச் சேரும். முந்தையவர் ஒவ்வொரு பழுதுக்கு முன்னும் ஒன்று எடுத்திருந்தார். பதினொன்று இருந்தன. 'ஆடிட்டுக்கு முன்', 'பிரஸ் 3 டைமர் மாத்தினது', 'தொடாதே' என்று பெயர்கள். ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டுமென்றால் பதினோரு அடுக்கிலும் எது புதியது என்று தேடித்தான் படிக்க வேண்டும். தொல்லியல் மேட்டின்மேல் உட்கார்ந்து கணக்கெழுதுவதற்கு ஒப்பு இது. கலைத்து ஒன்றாக்க வேண்டும். ஆனால் எனக்குக் கை வரவில்லை. அந்தக் கூடத்தின் பராமரிப்பு வரலாறு என்று எழுத்தில் இருந்தது இந்தப் பதினொரு பெயர்கள் மட்டும்தான். வேலையை விட்டுப் போன ஒருவரின் பயமும் எச்சரிக்கையும் அதில் இருந்தன. மொத்தத்தையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவைத்து, பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகுதான் ஒன்றாக்கினோம். அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது.

இவ்வளவும் செய்தபின் எக்ஸ்பி கண்விழிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் உள்ளே போய் மெனுவைத் தட்டினால் ஒரு தயக்கம். ஜன்னலின் அடியில் ஒரு சின்னப் படம்: பச்சை ஆமை.

*

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே சமயத்தில் புகுந்திருந்தன.

விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஆமைப் படத்துக்குப் பொருள் உண்டு. ப்ராஸஸரின் மெய்நிகர் வசதி அதற்கு நேராகக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே வேறொரு ஹைப்பர்வைசர் அந்த இடத்தில் இருக்கிறது. அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் இது ஓடுகிறது என்பதே அந்தப் பொருள். யார் அந்த வேறொருவர்? நண்பர் யாரையும் உள்ளே விடவில்லையே?

2006இல் யோவானா ருத்கோவ்ஸ்கா 'புளூ பில்' என்ற ஒன்றைச் செய்துகாட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குக் கீழே, அதற்கே தெரியாமல் ஒரு ஹைப்பர்வைசரை நுழைத்துவிடலாம் என்பது அதன் சாரம். தரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் காலடியில் இன்னொரு மாடி. துறை அதிர்ந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 2015இல் விண்டோஸ் 10 அதே அமைப்பைப் பாதுகாப்பு என்ற பெயரில் தானே கொண்டுவந்தது. ஹைப்பர்வைசர் முதலில் எழுகிறது. விண்டோஸ் அதன்மேல், சலுகைகள் அதிகமுள்ள ஒரு குடித்தனமாக எழுகிறது. கடவுச்சொல் போன்ற ரகசியங்களும் மையத்தின் சரிபார்ப்பும் விண்டோஸ்கூடத் தொடமுடியாத தனி அறைக்குப் போகின்றன. 2021இல் வந்த விண்டோஸ் 11இல், புதிய கணினிகள் பலவற்றில் இது தொடக்கத்திலேயே இயங்கும்படி அமைந்தது. மற்ற மெய்நிகர் மென்பொருள்கள் முதலில் மோதி நின்றுபோயின. பிறகு அந்த அடித்தள ஹைப்பர்வைசரிடம் மனுப்போட்டு ஓடக் கற்றுக்கொண்டன. மனுவுக்கான விலைதான் ஆமை.

ஆக, லேப்டாப்பை வாங்கியவர் தன்னை வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரரே குடித்தனமாகிவிட்டிருக்கிறார். எக்ஸ்பி உள்குடித்தனம். ஒரு கடப்பு இருந்த இடத்தில் இரண்டு சாவடி.

இதை அணைக்கலாம். அமைப்புகளில் ஒரு இடத்தில் சொடுக்கி, மறுபடி தொடங்கினால் போதும். ஆனால் அந்தச் சொடுக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. கம்பெனியின் ஐடி பிரிவு பூட்டியிருந்தது. விஎம்மின் டிஸ்க் கோப்பை ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் மோப்பம் பிடிப்பதைத் தடுக்கவும் அதே பூட்டு. திறக்கச் சொல்லி யாரைக் கேட்பது? நண்பருக்குச் சம்பளம் கொடுப்பது காண்ட்ராக்டர். வேலை சொல்வது கம்பெனி சூப்பர்வைசர். 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கம்பெனியை 'முதன்மை வேலையளிப்பவர்' என்று பெயரிட்டு ஒரு தளம் மேலே உட்காரவைத்தது. ஐடி பிரிவு கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்து வரும் மனுவை மட்டுமே ஏற்கும். ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த முகவரி கிடையாது. நண்பர் சூப்பர்வைசரிடம் சொல்ல, அவர் மேலே எழுத, அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று. மறுப்பும் இல்லை, நிறைவேற்றமும் இல்லை. எனக்கு 'பாப்எஃப்' நினைவுக்கு வந்தது.

ஐடி பிரிவின் தரப்பையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. 2014க்குப் பிறகு கைவிடப்பட்ட இயங்குதளம் எக்ஸ்பி. 2017 மே மாதம் வான்னக்ரை பரவியபோது மைக்ரோசாஃப்டே வழக்கத்தை மீறி எக்ஸ்பிக்கு ஒரு திருத்தம் விட வேண்டிவந்தது. அப்படிப்பட்ட ஒன்றை வயிற்றில் சுமக்கும் லேப்டாப்பில் பூட்டைத் திறந்துவிடு என்றால் எந்தப் பொறுப்பாளரும் யோசிக்கத்தான் செய்வார். பூட்டுப் போட்டது தப்பில்லை. பூட்டின் விலையை யார் நேரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். பாதுகாப்பு கம்பெனிக் கணக்கில் வரவு. தாமதம் ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கில் செலவு.

*

கடிகாரம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இ.பி. தாம்ப்ஸன் 1967இல் எழுதிய கட்டுரை, இங்கிலாந்தில் கடிகாரநேரம் தொழிலாளியின் உடம்புக்குள் எப்படி ஏற்றப்பட்டது என்பதைக் காட்டியது. முதலாளிகள் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருகி வேலைநேரத்தைத் திருடியதும் அதில் வரும். மெய்நிகர் இயந்திரத்துக்கு இது வேறுவிதமாக நேர்கிறது. பழைய இயங்குதளங்கள் துடிப்புகளை எண்ணித்தான் மணி அறிந்தன. ப்ராஸஸர் வேறொருவரிடம் இருக்கும் வேளையில் துடிப்பு வந்தால் விருந்தாளி அதை எண்ணமாட்டார். துடிப்புகள் தேங்கும், சில தொலையும், அவர் கடிகாரம் பின்தங்கும். தாம் பின்தங்கியது அவருக்குத் தெரியாது. தம் கணக்கில் தாம் நேரத்துக்குத்தான் வேலை செய்கிறார்.

பிஎல்சி நிஜக் காலத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டால் குறித்த மில்லிசெகண்டுகளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். அன்றிரவு மூன்று முறை துண்டித்தது இப்படித்தான். கைக்கடிகாரம் செய்யும் ஊரில், கடிகாரம் பின்தங்கிய ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நண்பர் பிரஸ்ஸின் முன் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிக் கருவிகள் என்று சொல்லப்படும் துணைநிரலை எக்ஸ்பிக்குள் நிறுவி நேரத்தை வீட்டுக்காரரோடு ஒத்துப்போகச் செய்தோம். மென்பொருளில் பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பைக் கூட்டினோம். துண்டிப்பது குறைந்தது. நிற்கவில்லை. ஆமை இன்னமும் அங்கேதான்.

போன மாதம் பிரஸ் மறுபடி நின்றது. இந்த முறை சீக்கிரம் முடிந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் சாவடியில் போனது. தாளில் மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'லேப்டாப்' என்று தமிழில் எழுதி நிமிடத்தையும் குறித்துக் கொடுத்திருக்கிறார் நண்பர். அலுவலகத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் போன் செய்து கேட்டாராம், இதை எதில் போடுவது என்று.

"உங்க கம்ப்யூட்டர்ல எத்தனை கட்டம் இருக்குது?"

"மூணுதான்."

"அப்ப நிறுத்தி வைங்க, வந்து பேசறேன்" என்று சொல்லியிருக்கிறார். தாள் இன்னும் ஏற்றப்படவில்லை.